புரோட்டானின் பத்து மா

(நூலக அரங்கு ஒன்றில் மாணவர்களும் ஆசிரியர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரை. அச்சுக்காகச் சற்றே செப்பம் செய்யப்பட்டது.)



இயற்பியல் பேச வந்தவன் நிலக்கணக்கில் தொடங்குகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சு முழுவதற்கும் அந்தக் கணக்குத் தேவைப்படும்.

என் தாத்தா தஞ்சைப் பகுதியில் ஒரு கிராமத்துக் கணக்குப்பிள்ளை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி படித்தவர். தசமப் புள்ளி வைத்துக் கணக்குப் போட அவருக்குத் தெரியாது. கீழ்வாயிலக்கம் மட்டும் நாக்கு நுனியில் நிற்கும். ஒன்றில் இருபதில் ஒரு பங்கு மா. மூன்று மா சேர்ந்தால் மும்மா, நான்கு சேர்ந்தால் நாலுமா. எண்பதில் ஒரு பங்கு காணி. ஒரு மாவும் ஒரு காணியும் கூடினால் மாகாணி, அதாவது பதினாறில் ஒரு பங்கு. நிலத்துக்கும் இதுவே அளவு. ஒரு வேலி என்றால் இருபது மா, அரை வேலி என்றால் பத்து மா. சோழர் காலத்துக் கல்வெட்டுகள் நிலத்தை முந்திரி வரைக்கும், அதாவது முந்நூற்று இருபதில் ஒரு பங்கு வரைக்கும், அதற்கும் கீழேயும் பிரித்து எழுதியிருக்கின்றன.

பாகப்பிரிவினைக்குத் தாத்தாவைக் கூப்பிடுவார்கள். அண்ணன் தம்பி மூவர், அரை வேலி நிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பங்கை அளந்து கல் நட்டதும் வெயிலும் ஏறியிருக்கும். பெரியவர் ஒருவர் சொல்வார்: "மீதி சின்னவனுக்குன்னு எழுதிடுங்க, கணக்குப்பிள்ளை." தாத்தா ஒப்புக்கொள்ள மாட்டார். "மீதின்னு எழுதினா கூட்டுத்தொகை எப்பவும் சரியாத்தான் வரும். எங்கேயாவது தப்பு இருந்தா தெரியவே தெரியாது. கடைசிப் பங்கையும் சங்கிலி போட்டு அளக்கணும்" என்பார்.

சிறுவனாக வரப்பில் நின்று அதைக் கேட்டேன். புரோட்டானின் தற்சுழற்சி பற்றிப் படிக்கத் தொடங்கியபோது அந்தச் சொல் எனக்குத் திரும்பி வந்தது. இந்த மாலை நான் சொல்லப்போவது ஓர் அரையின் கதை. அந்த அரை சரிதானா என்று யாருக்கும் ஐயம் இல்லை. அது எந்தெந்தப் பங்குகள் கூடி அரையானது என்பதைத்தான் உலகம் அளந்துகொண்டிருக்கிறது.

உடம்புக்குள் இருக்கும் அரை

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துக்கொண்டவர்கள் இந்த அவையில் பலர் இருப்பீர்கள். குழாய் போன்ற பெரிய காந்தத்துக்குள் படுக்க வைப்பார்கள், காதடைக்கும் சத்தம் கேட்கும், சிறிது நேரத்தில் மூளையோ முதுகுத்தண்டோ படமாக வரும். அந்தப் படத்துக்கு மூலம் உங்கள் உடம்பின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜனின் கரு. ஹைட்ரஜனின் கரு என்பது ஒற்றைப் புரோட்டான். ஒவ்வொரு புரோட்டானும் ஒரு நுண்காந்தம். அதைக் காந்தமாக்குவது அதன் தற்சுழற்சி.

1.5 டெஸ்லா காந்தத்துக்குள் படுத்திருக்கும் உடம்பில், புலத்தின் பக்கம் திரும்பிய புரோட்டான்கள் எதிர்ப்பக்கம் திரும்பியவற்றைவிடப் பத்து லட்சத்துக்கு ஐந்து என்ற அளவில்தான் அதிகம். அந்த ஐந்தின் குரலைக் கேட்டுத்தான் மருத்துவர் நோயைக் கண்டறிகிறார். இவ்வளவு அன்றாடப் பயனுள்ள ஒரு பண்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், விடை இன்னும் முழுதாகக் கைக்கு வரவில்லை.

தற்சுழற்சி என்றதும் பம்பரம் நினைவுக்கு வரும். பாதி தூரம் அந்த நினைவு உதவும். பம்பரத்துக்குக் கோண உந்தம் உண்டு, புரோட்டானுக்கும் உண்டு. ஆனால் சாட்டையைச் சொடுக்கினால் பம்பரம் வேகம் கூடும், விட்டால் தளர்ந்து விழும். புரோட்டானின் சுழற்சி கூடவும் கூடாது, குறையவும் குறையாது. பிளாங்க் மாறிலியை இரண்டு பையால் வகுத்த அளவை ஒன்று என்று வைத்தால், புரோட்டானின் தற்சுழற்சி அரை. எந்தத் திசையில் வைத்து அளந்தாலும் கிடைக்கும் விடை இரண்டே இரண்டு: அத்திசையோடு அரை, அல்லது அதற்கு எதிராக அரை.

இந்த அரையை முதலில் காட்டிக் கொடுத்தது குளிர்ந்த ஹைட்ரஜன் வாயு. குளிரக் குளிர அதன் வெப்ப ஏற்புத்திறன் மாறும் விதம் அன்றைய கணக்குகளுக்குப் பிடிபடவில்லை. 1927-ல் அமெரிக்க இயற்பியலர் டேவிட் டென்னிசன் அந்தச் சிக்கலை அவிழ்த்தார். ஹைட்ரஜன் மூலக்கூறில் புரோட்டான் இரண்டு. இரண்டும் ஒரே பக்கம் சுழலும் மூலக்கூறுகள் மூன்று பங்கும், எதிரெதிராகச் சுழல்பவை ஒரு பங்கும் கலந்தது அந்த வாயு என்று கொண்டபோது அளவீடு பொருந்தியது. மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம் வரவேண்டுமானால் புரோட்டானின் தற்சுழற்சி அரையாகத்தான் இருக்க முடியும். வாயு சூடேறும் விதத்திலிருந்து அணுக்கருவின் சுழற்சியைப் படித்தார்கள். எண்ணிப் பார்த்தால் இன்றும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அடுத்த ஆறு ஆண்டுகளில் இன்னொரு செய்தி வந்தது. ஹாம்பர்க் நகரில் ஓட்டோ ஸ்டெர்ன் தம் குழுவினரோடு புரோட்டானின் காந்தத் திருப்புத்திறனை அளந்தார். உள்ளே ஒன்றும் இல்லாத புள்ளித் துகளாக இருந்தால், அதற்கென உள்ள அலகில் அளவு ஒன்று வரவேண்டும். 1933-ல் அவர்களுக்குக் கிடைத்தது ஏறத்தாழ இரண்டரை. இன்றைய துல்லிய மதிப்பு 2.793. அதே ஆண்டில் நாஜி ஆட்சியின் கொடுமையால் ஸ்டெர்ன் ஜெர்மனியை விட்டு வெளியேறினார். அவர் விட்டுச்சென்ற எண் ஒரு கேள்வியாக நின்றது. புரோட்டானுக்குள் ஏதோ இருக்கிறது.

மூவர் குடும்பம்

அந்த ஏதோவுக்கு 1964-ல் பெயர் வந்தது. இயற்பியலர்கள் முர்ரே கெல்மான், ஜார்ஜ் ஸ்வைக் இருவரும் தனித்தனியே ஒரே கருத்தை முன்வைத்தார்கள். புரோட்டானுக்குள் மூன்று குவார்க்குகள், இரண்டு மேல் குவார்க், ஒன்று கீழ் குவார்க். நியூட்ரானில் ஒன்று மேல், இரண்டு கீழ். ஒவ்வொரு குவார்க்கின் தற்சுழற்சியும் அரை.

பங்கு பிரிப்பது எளிதாகிவிட்டது. இரண்டு குவார்க்குகள் ஒரு பக்கம் சுழல, ஒன்று எதிர்ப்பக்கம் சுழன்றால் அரை கூட்டல் அரை கழித்தல் அரை, விடை அரை. இந்தக் கணக்கு இன்னொரு சோதனையிலும் தேறியது. இந்த ஏற்பாட்டின்படி புரோட்டானின் காந்தத் திருப்புத்திறனும் நியூட்ரானுடையதும் மூன்றுக்குக் கழித்தல் இரண்டு என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். அளந்த மதிப்புகள் 2.79, கழித்தல் 1.91. விகிதம் ஏறத்தாழப் பொருந்தியது. இவ்வளவு பொருந்திய பிறகு யாருக்கு ஐயம் வரும்? அரை வேலியும் மூவருக்கே என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. சங்கிலி போட்டு அளந்தவர் மட்டும் யாரும் இல்லை.

புரோட்டானின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரை லட்சம் கோடியால் வகுத்தால் வருவதில் இரண்டு பங்குக்கும் குறைவு. அதற்குள் சங்கிலி போடுவது எப்படி? எறிந்து பார்ப்பது ஒன்றுதான் வழி. இருட்டறைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் பந்தை வீசிப் பார்க்கலாம். மெத்தையில் பட்டால் அமுங்கும், தூணில் பட்டால் துள்ளித் திரும்பும். கலிபோர்னியாவில் ஸ்லாக் ஆய்வகத்தின் மூன்று கிலோமீட்டர் நீள முடுக்கியில் 1960களின் இறுதியில் எலெக்ட்ரான்களை அப்படித்தான் வீசினார்கள். எதிர்பார்த்ததைவிட மிகப் பல எலெக்ட்ரான்கள் அகன்ற கோணங்களில் திரும்பின. உள்ளே கெட்டியான புள்ளிகள் இருந்தன. அவையே குவார்க்குகள். ஜெரோம் ஃப்ரீட்மன், ஹென்றி கெண்டல், ரிச்சர்ட் டெய்லர் மூவருக்கும் 1990-ல் நோபல் பரிசு கிடைத்தது.

குவார்க் இருக்கிறதா என்பதை இந்தச் சோதனை சொன்னது. அது எந்தப் பக்கம் சுழல்கிறது என்று சொல்லவில்லை. அதற்கு, வீசும் பந்தும் சுழல வேண்டும்.

சுழலும் பந்து, சுழலும் இலக்கு

எலெக்ட்ரான் குவார்க்கைத் தொடுவது நேரடியாக அல்ல. இடையில் ஓர் ஒளித்துகள் போகிறது. ஒளித்துகளின் தற்சுழற்சி ஒன்று. ஒளிக்கும் தற்சுழற்சி உண்டா என்பதை ஆராய 1931-ல் கல்கத்தாவில் சி. வி. ராமனும் எஸ். பகவந்தமும் ஒளிச்சிதறல் சோதனை செய்து, உண்டு என்று அறிவித்தார்கள். திருவானைக்காவலில் பிறந்தவர் ராமன். சிதறலைக் கொண்டு சுழற்சியை அறிவது என்ற வழியில் நம்மவர் கால்தடமும் பதிந்திருக்கிறது.

இனி ஒரு சிறு கூட்டல். ஒளித்துகள் தன் போக்கில் ஒன்று என்ற சுழற்சியைச் சுமந்து வருகிறது. எதிரே வரும் குவார்க்கின் சுழற்சி அதே பக்கமாக இருந்தால் கூட்டுத்தொகை ஒன்றரை. குவார்க்கால் அரைக்கு மேல் தாங்க முடியாது. ஆகவே அந்த ஒளித்துகளை அது ஏற்காது. குவார்க்கின் சுழற்சி எதிர்ப்பக்கமாக இருந்தால் ஒன்றிலிருந்து அரை போக மீதி அரை. குவார்க் ஏற்றுக்கொள்ளும், சிதறல் நடக்கும். இவ்வளவுதான் அடிப்படை விதி. வரும் துகள்களை ஒரே பக்கம் சுழல வைத்து, இலக்கின் புரோட்டான்களை ஒருமுறை இப்பக்கமும் ஒருமுறை எதிர்ப்பக்கமும் திருப்பி, இரண்டு முறையும் சிதறல்களை எண்ணுங்கள். வேறுபாடு எவ்வளவோ, அதிலிருந்து குவார்க்குகள் புரோட்டானோடு சேர்ந்து சுழலும் அளவு தெரிந்துவிடும்.

சொல்லும்போது எளிது. செய்தவர்கள் பட்ட பாட்டைச் சற்று விரிவாகச் சொல்லத்தான் வேண்டும்.

இலக்கை எடுத்துக்கொள்வோம். புரோட்டான்களை ஒரே பக்கம் திருப்ப வேண்டும். 2.5 டெஸ்லா காந்தத்துக்குள் வைத்து, தனிச்சுழிக்கு மேல் ஒரே ஒரு கெல்வின் வரை குளிர்வித்தாலும் ஆயிரம் புரோட்டான்களுக்கு இரண்டு மூன்றுதான் மிகுதியாகத் திரும்பும். புரோட்டான் அவ்வளவு மெலிந்த காந்தம். எலெக்ட்ரான் வலிமையான காந்தம். அதே குளிரில் அதே புலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் திரும்பிவிடும். ஆகவே இலக்குப் பொருளில் இணைசேராத எலெக்ட்ரான்களைத் தூவி வைத்து, சரியான அதிர்வெண்ணில் நுண்ணலையைப் பாய்ச்சி, எலெக்ட்ரானின் ஒழுங்கைப் புரோட்டானுக்கு மாற்றுகிறார்கள். இந்த வழியில் நூற்றுக்கு எண்பது வரைக்கும் புரோட்டான்களை ஒழுங்குபடுத்த முடிகிறது.

அப்போதும் ஒரு தடை உண்டு. இலக்காக வைப்பது உறைந்த அம்மோனியா மணிகள். ஓர் அம்மோனியா மூலக்கூறில் நைட்ரஜன் கருவில் புரோட்டானும் நியூட்ரானுமாக 14 துகள்கள், ஹைட்ரஜனில் 3 புரோட்டான்கள். பதினேழில் மூன்று மட்டுமே நமக்கு வேண்டியவை. மற்றவற்றில் பட்டுச் சிதறுபவை பதரோடு கலந்த நெல்போல் எண்ணிக்கையில் கலந்துவிடும். கடைசியில் நேர்த்திசைக்கும் எதிர்த்திசைக்கும் இடையே கண்ணில் படும் வேறுபாடு நூற்றில் ஒன்று, சில இடங்களில் அதற்கும் கீழே. நூற்றில் ஒரு வேறுபாட்டை அதன் பத்தில் ஒரு பங்கு பிழைக்குள் சொல்ல வேண்டுமானால் பத்து லட்சம் சிதறல்களையாவது எண்ண வேண்டும்.

இந்தப் பாதையைத் திறந்தவர் யேல் பல்கலைக்கழகத்தின் வெர்னன் ஹியூஸ். ஒரே பக்கம் சுழலும் எலெக்ட்ரான்களை லித்தியம் அணுக்களிலிருந்து பிரித்தெடுக்கும் கருவியை அமைத்து, 1970களில் ஸ்லாக் முடுக்கியில் அவற்றைச் செலுத்தினார். முதல் முடிவு 1976-ல் வந்தது. குவார்க்குகள் எதிர்பார்த்தபடியே புரோட்டானோடு சேர்ந்து சுழல்வதாகத் தெரிந்தது. அனைவரும் நிம்மதி அடைந்தார்கள். ஆனால் அந்த அளவீடு எட்டியது புரோட்டானின் உந்தத்தில் பெரும்பங்கைச் சுமக்கும் குவார்க்குகளை மட்டுமே. உந்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சுமக்கும் எளிய குவார்க்குகளின் கூட்டம் சங்கிலிக்கு அப்பால் நின்றது. வயலின் நடுவை அளந்தார்கள். வரப்போரம் அளக்கவில்லை.

மாகாணி

வரப்போரம் போகக் கூடுதல் ஆற்றல் தேவை. ஜெனீவாவில் செர்ன் ஆய்வகத்தில் அந்த வசதி இருந்தது. ஐரோப்பிய மியூவான் கூட்டுக்குழு என்ற அணி அங்கே மியூவான்களை வீசிப் பல சோதனைகள் செய்துகொண்டிருந்தது. மியூவான் எலெக்ட்ரானின் கனத்த உறவு.

மியூவானில் இயற்கையே ஒரு நன்மையை வைத்திருக்கிறது. பையான் என்ற துகள் சிதையும்போது மியூவான் பிறக்கிறது. அப்படிப் பிறக்கும்போதே அதன் சுழற்சி திசைப்பட்டிருக்கும். இயற்கையின் மெல்விசை இடத்தையும் வலத்தையும் வேறுபடுத்திப் பார்ப்பதால் வரும் விளைவு இது. அந்த விசையின் வடிவத்தை 1957-ல் ராபர்ட் மார்ஷக்கோடு சேர்ந்து வகுத்தவர் ஈ. சி. ஜி. சுதர்சன். கோட்டயத்தில் பிறந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்தவர். பையான் கற்றையை நீண்ட குழாயில் பறக்கவிட்டு, பிறக்கும் மியூவான்களில் தேவையான உந்தம் உள்ளவற்றைப் பொறுக்கினால் போதும். நூற்றுக்கு எண்பது அளவுக்கு ஒரே பக்கம் சுழலும் கற்றை கையில் வந்துவிடும்.

அம்மோனியா இலக்கை இரண்டு பாதிகளாக ஒன்றன்பின் ஒன்றாக வைத்தார்கள். முன்பாதி ஒரு பக்கம் திரும்பியது, பின்பாதி எதிர்ப்பக்கம். ஒரே மியூவான் கற்றை இரண்டையும் துளைத்துப் போனது. கற்றையின் செறிவு கூடினாலும் குறைந்தாலும் இரண்டு தட்டிலும் ஒரே அளவு மாறும், தராசு ஏமாறாது. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை திசைகளை மாற்றி வைத்தார்கள், கருவியின் ஓரவஞ்சனையும் அடிபட்டுப்போயிற்று. ஹியூஸும் இந்தக் குழுவில் சேர்ந்திருந்தார். ஸ்லாக் அளந்ததைவிடப் பத்து மடங்கு எளிய குவார்க்குகள் வரை, உந்தத்தில் நூற்றில் ஒரு பங்கு சுமப்பவை வரை, இப்போது எட்ட முடிந்தது.

1988-ல் முடிவு வெளிவந்தது. குவார்க்குகள் எல்லாவற்றின் தற்சுழற்சியையும் கூட்டினால் புரோட்டானின் தற்சுழற்சியில் அது நூற்றுக்குச் சுமார் 12 மட்டும். பிழை எல்லையைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லை என்று சொன்னாலும் தவறாகாது. குவார்க்குகள் ஒளியின் வேகத்தை ஒட்டி ஓடுவதால் நூறு எதிர்பார்க்கும் இடத்தில் அறுபது கிடைக்கலாம் என்று கணக்கிட்டு வைத்திருந்தவர்களும் திகைத்தார்கள்.

தாத்தாவின் அளவில் சொல்கிறேன். பத்து மாவும் குவார்க்குகளுடையது என்று எழுதி வைத்திருந்தோம். அளந்தபோது கிடைத்தது ஏறக்குறைய ஒரு மாகாணி. எட்டே முக்கால் மா நிலத்துக்குச் சொந்தக்காரர் யாரென்று தெரியவில்லை.

இயற்பியலர்கள் இதைத் தற்சுழற்சி நெருக்கடி என்று அழைத்தார்கள். அந்தப் பெயரில் மிகை இல்லை. கோட்பாடே பொய்த்துவிட்டதா என்ற அச்சம் எழுந்தது. அதைச் சோதிக்க ஒரு தராசு ஏற்கெனவே இருந்தது. 1966-ல் இயற்பியலர் ஜேம்ஸ் பியார்கன் ஒரு கூட்டு விதியை நிறுவியிருந்தார். புரோட்டானில் அளக்கும் சுழற்சி வேறுபாட்டுக்கும் நியூட்ரானில் அளப்பதற்கும் இடையிலான வித்தியாசம், நியூட்ரான் சிதைவில் வரும் ஓர் எண்ணோடு கட்டுண்டிருக்க வேண்டும் என்பது அந்த விதி. அந்தக் காலத்தில் அதை அளக்க வழியே தெரியாததால், அந்தச் சமன்பாட்டைப் பயனற்றது என்று தம் கட்டுரையிலேயே குறிப்பிட்டிருந்தார் அவர்.

பயனற்றது என்று ஒதுக்கிய சமன்பாடே இப்போது நடுவராயிற்று. நியூட்ரானைத் தனியே இலக்காக வைக்க முடியாது, சில நிமிடங்களில் சிதைந்துபோகும். ஆகவே ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்த டியூட்ரானையும் ஹீலியம்-3 வாயுவையும் வைத்தார்கள். ஹீலியம்-3 கருவில் இரண்டு புரோட்டான்கள் எதிரெதிராகச் சுழன்று பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்கின்றன. சுழற்சி முழுவதும் ஏறத்தாழ அந்த ஒற்றை நியூட்ரானிடம் நிற்கிறது. 1990களில் ஸ்லாக்கிலும் செர்னிலும் அளந்து பார்த்தார்கள். செர்னில் தொடங்கிய புதிய குழுவுக்கு முதலில் தலைமை ஏற்றவர் அதே வெர்னன் ஹியூஸ். பியார்கனின் விதி பழுதின்றி நின்றது. கோட்பாட்டில் குற்றம் இல்லை. புரோட்டானுக்குள் மூவர் மட்டும் குடியிருக்கிறார்கள் என்று நாம் வரைந்து வைத்த படத்தில்தான் குற்றம்.

ஹாம்பர்க்கில் டெசி ஆய்வகத்தின் ஹெர்மிஸ் சோதனை வேறொரு வழியில் போனது. வளையத்தில் சுற்றும் எலெக்ட்ரான்கள் ஒளியை உமிழ்ந்தபடியே தாமாக ஒரே பக்கம் திரும்பிக்கொள்ளும் என்று சோவியத் இயற்பியலர்கள் சொகோலோவும் தெர்னோவும் 1960களில் காட்டியிருந்தார்கள். அப்படித் தாமே திரும்பிய எலெக்ட்ரான்களின் பாதையில், பதரே இல்லாத தூய ஹைட்ரஜன் வாயுவை இலக்காகப் பாய்ச்சினார்கள். 2002 முதல் செர்னில் காம்பஸ் சோதனை 160 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள மியூவான்களைக் கொண்டு பல ஆண்டுகள் எண்ணியது. எல்லோருடைய கணக்கும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தது. குவார்க்குகளின் தற்சுழற்சி நூற்றுக்குச் சுமார் 30. அரையில் முப்பது விழுக்காடு என்றால் இருபதில் மூன்று. மாகாணி என்று முதலில் படித்தது மும்மா என்று திருந்தியது. அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. அந்த இருபது ஆண்டுகளை நான் வீண் என்று ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

நாலுமா

மிச்சம் யாருடையது? குவார்க்குகளைப் பிணைத்து வைத்திருப்பது குளுவான். அதன் தற்சுழற்சி ஒன்று. அது ஓயாமல் பிறந்து மறைகிறது, குவார்க் எதிர்க்குவார்க் இணைகளாகப் பிரிந்து மீண்டும் கூடுகிறது. அதுவும் பங்காளியாக இருக்க வேண்டும் அல்லவா?

அளப்பதில் ஒரு தொல்லை. குளுவானுக்கு மின்னூட்டம் கிடையாது. எலெக்ட்ரானுக்கும் மியூவானுக்கும் அது நேராகத் தென்படாது. குளுவானைத் தொட இன்னொரு குளுவானோ குவார்க்கோ வேண்டும். அதாவது புரோட்டானைப் புரோட்டானோடே மோதவிட வேண்டும், இரண்டும் திசைப்பட்டுச் சுழல வேண்டும்.

நியூயார்க்கின் லாங் ஐலண்டில் புரூக்ஹேவன் ஆய்வகம் ரிக் என்ற மோதல் இயந்திரத்தை அமைத்தது. 3.8 கிலோமீட்டர் வளையம். புரோட்டான் அதை நொடிக்கு 78,000 முறைக்கு மேல் சுற்றி வந்தது. ஒவ்வொரு சுற்றிலும் காந்தங்களின் சிறு பிசகு சுழற்சியின் அச்சை இம்மியளவு அசைக்கும். ஒரு சுற்றுக்குப் பொருட்டில்லை, லட்சம் சுற்றுகளில் ஒழுங்கு முழுவதும் கலைந்துபோகும். இதற்கு மருந்து சைபீரியாவிலிருந்து வந்தது. நோவோசிபிர்ஸ்க் நகரின் தெர்பெனேவ், கோந்திராதெங்கோ இருவரும் 1970களில் ஒரு யோசனை சொன்னார்கள். வளையத்தின் நடுவே சுழற்சியை அப்படியே தலைகீழாகத் திருப்பும் காந்த அடுக்கை வைத்தால், ஒரு சுற்றில் சேர்ந்த பிசகு அடுத்த சுற்றில் எதிர்த்திசையில் சேர்ந்து அழிந்துவிடும். பாம்பைப் போல் வளைந்து வளைந்து துகளைக் கொண்டுபோகும் அந்த அடுக்குக்குச் சைபீரியப் பாம்பு என்றே பெயர் நிலைத்தது. ஜப்பானின் ரிக்கன் நிறுவனத்தின் துணையோடு ரிக் வளையங்களில் அந்தப் பாம்புகள் குடியேறின.

ஃபீனிக்ஸ், ஸ்டார் என்ற இரண்டு பெருங்கருவிகள் மோதலில் பீறிடும் துகள்களை எண்ணின. 2009-ல் திரட்டிய தரவுகளை ஆராய்ந்து, 2014-ல் கோட்பாட்டாளர்கள் முதன்முறையாகத் தெளிவாகச் சொன்னார்கள்: குளுவான்கள் புரோட்டானோடு சேர்ந்தே சுழல்கின்றன. உந்தத்தில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கும் குளுவான்களை மட்டும் கூட்டினால் 0.2 வருகிறது. அதாவது நாலுமா.

குவார்க்குக்கு மும்மா, குளுவானுக்கு நாலுமா. கூட்டினால் ஏழு மா. அரை வேலிக்கு இன்னும் மூன்று மா குறைகிறது. அது சுற்றோட்டத்தின் பங்கு என்று சொல்லத் தோன்றும். பூமி தன்னைத்தானே சுற்றுவதோடு சூரியனையும் சுற்றிவருகிறது அல்லவா? குவார்க்கும் குளுவானும் தம் அச்சில் சுழல்வதோடு புரோட்டானுக்குள் ஒன்றையொன்று சுற்றியும் ஓடுகின்றன. அந்த ஓட்டத்துக்கும் கோண உந்தம் உண்டு. ஏழோடு அதை மூன்றாகச் சேர்த்துப் பத்து என்று முடித்துவிடலாம்.

கடைசிப் பங்கு

இங்கேதான், நண்பர்களே, வரப்பில் நின்ற அந்த வெயில் நேரம் எனக்கு நினைவுக்கு வருகிறது.

அந்த மூன்று மாவை யாரும் அளக்கவில்லை. பத்திலிருந்து ஏழைக் கழித்து நான் இப்போது இந்த மேடையில் எழுதியது. அந்த ஏழிலும் நாலுமாவுக்கு ஒரு மாகாணி கூடலாம், ஒரு மாகாணி குறையலாம். உந்தத்தில் மிகச் சிறு பங்கு சுமக்கும் குளுவான்கள் எண்ணிலடங்காதவை. அவற்றின் சுழற்சியை ரிக்கால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. அந்த வரப்போரத்தில் என்ன விளைந்திருக்கிறதோ! 1976-ல் நடுவயலை அளந்துவிட்டு நிம்மதி அடைந்தவர்கள் கற்ற பாடம் இன்னும் பழசாகவில்லை. மீதி என்று எழுதினால் கூட்டுத்தொகை எப்போதும் சரியாகத்தான் வரும்.

ஆகவே சுற்றோட்டத்தையும் சங்கிலி போட்டு அளக்க வேண்டும். வழி தெரிந்திருக்கிறது. 1997-ல் இயற்பியலர் சியாங்டாங் ஜி ஒரு வாய்பாட்டைக் காட்டினார். வரும் எலெக்ட்ரான் புரோட்டானை உடைக்காமல் மோதி, புரோட்டான் முழுதாக நகர்ந்து, கூடவே ஓர் ஒளித்துகள் வெளிவரும் அரிய நிகழ்வுகளைத் திரட்டினால், குவார்க் எவ்வளவு உந்தத்தோடு எந்த இடத்தில் ஓடுகிறது என்று சேர்த்தே அறியலாம். இடமும் உந்தமும் சேர்ந்தால் சுற்றோட்டம் கிடைத்துவிடும். ஹெர்மிஸும் வர்ஜீனியாவின் ஜெஃபர்சன் ஆய்வகமும் 2001-ல் அந்நிகழ்வுகளின் முதல் தடயங்களை வெளியிட்டன. ஜெஃபர்சன் ஆய்வகம் தன் முடுக்கியை 12 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு உயர்த்திக்கொண்டு பணியைத் தொடர்கிறது.

குளுவான்களின் வரப்போரத்துக்கு இன்னும் பெரிய கருவி வேண்டும். 2020 ஜனவரியில் அமெரிக்க ஆற்றல் துறை, எலெக்ட்ரான் அயனி மோதல் இயந்திரத்தை அமைக்கப் புரூக்ஹேவனைத் தேர்ந்தெடுத்தது. ரிக் அமைந்த அதே சுரங்கப்பாதையில் எலெக்ட்ரானுக்கு ஒரு வளையம் சேரும். திசைப்பட்ட எலெக்ட்ரானும் திசைப்பட்ட புரோட்டானும் அங்கே மோதும். 2030களில் அது இயங்கத் தொடங்க வேண்டும் என்பது திட்டம். இந்திய ஆய்வாளர்களும் அதற்கான பணியில் இருக்கிறார்கள்.

மாணவர்களே, தேர்வில் கணக்கு ஆசிரியர் விடைக்கு ஒரு மதிப்பெண் போட்டு, வழிமுறைக்கு நான்கு வைத்திருப்பது உங்களுக்கு எரிச்சலாக இருக்கும். விடைதான் சரியாயிற்றே என்று கேட்பீர்கள். புரோட்டானுக்கு அரை என்ற விடை 1927-லிருந்து சரி. 1964-ல் எழுதிய வழிமுறை 1988 வரைக்கும் தவறு. இருபத்து நான்கு ஆண்டுகள் சரியான விடை ஒன்று தவறான வழிமுறையைத் தன் நிழலில் மறைத்து வைத்திருந்தது. அதை வெளியே கொண்டுவந்தவர்கள் புதுக் கோட்பாடு சொன்னவர்கள் அல்லர். எல்லோரும் அறிந்ததாக நினைத்த ஒன்றை, அம்மோனியாவை உறையவைத்து, மியூவானைப் பொறுக்கி, ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தவர்கள். அவர்கள்மேல் எனக்குள்ள மதிப்பை உங்களுக்கும் தந்துவிட வேண்டும் என்றுதான் இவ்வளவு நேரம் பேசினேன்.

தாத்தா காலமான பிறகு அவருடைய பழைய கணக்குப் புத்தகம் ஒன்றைப் புரட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு பாகப்பிரிவினைக்கும் எல்லாப் பங்கும் தனித்தனியே அளந்து எழுதப்பட்டிருந்தன. அடியில் கூட்டுத்தொகை. சில பக்கங்களில் கூட்டுத்தொகை மொத்த நிலத்துக்கு ஒரு முந்திரி குறைந்தது. அதை அவர் திருத்தவில்லை. குறைந்தபடியே எழுதி, பக்கத்தில் "மறு அளவு" என்று குறித்திருந்தார்.

புரோட்டானின் பக்கத்திலும் இன்று அந்தச் சொல்தான் எழுதியிருக்கிறது.